ஆறடி மீன் தொட்டியும் வேலூர்த் தண்ணீரும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மீன் தொட்டியைப் பற்றியவை. பள்ளிக்கு லீவு விட்டாயிற்று, பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு மிக்ஸியையும் இரண்டு இன்வர்ட்டரையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு மீனையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் முதல் மாடியில் குடியிருக்கிறோம், சொந்த வீடு. ஹாலில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் நன்னீர் மீன் தொட்டி வைக்க ஆசை. “தரை தாங்கும் சார், எவ்வளவோ வீட்டுல வச்சிருக்கோம்” என்கிறார் கடைக்காரர். 12 எம்.எம். கண்ணாடி, ஸ்டாண்டு, மூடி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார். அது நியாயமான விலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விலை இருக்கட்டும், முதலில் எடையைப் பார்ப்போம். உங்கள் தொட்டி 24 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் விளிம்பு வரை 680 லிட்டர். யாரும் விளிம்பு வரை நிரப்புவதில்லை. மேலே இரண்டு அங்குலம் விட்டு, கண்ணாடித் தடிமனையும் கழித்தால் சுமார் 600 லிட்டர் நிற்கும். அது 600 கிலோ. கண்ணாடி மட்டும் 120 கிலோ. கூழாங்கல், மணல், பாறை, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 850 கிலோவைத் தாண்டும். ஹாலில் ஒரு சின்னக் காரை நிறுத்தி வைத்த மாதிரி. அந்தக் கார் வெளியே போகவும் போகாது.

நம் நாட்டு விதிப்படி குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு (ஆட்கள், சாமான்களின் எடை) வடிவமைக்கிறார்கள். உங்கள் தொட்டி உட்காரும் இடம் 1.1 சதுர மீட்டர்தான். இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அந்த 200 கிலோ, சுமை அறை முழுவதும் சீராகப் பரவியிருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. ஒரு மூலையில் கொஞ்சம் கூடுவதாலேயே தளம் இறங்கிவிடாது. ஆனால் எந்த மூலை என்பது முக்கியம். பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பது வேறு, ஹால் நடுவில் தடுப்பாக வைப்பது வேறு. பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கூடவே கூடாது. உங்கள் வீட்டுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். மீன் கடைக்காரர் சொல்லும் “தாங்கும்” கணக்கில் வராது. வேலூர் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கம் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இருப்பவர்கள், கீழ்த்தளத்தில் மட்டும் யோசியுங்கள்.

ஸ்டாண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான்கு கால் ஆங்கிள் ஸ்டாண்டு என்றால் ஒவ்வொரு கால் முனையிலும் 200 கிலோவுக்கு மேல் இறங்கும். டைல்ஸுக்கு அடியில் கலவை சரியாகப் படியாமல் பொள்ளலாக இருந்தால் டைல்ஸ் வெடிக்கும். அடியிலும் முழுச் சட்டம் ஓடுகிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டு நின்றதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடாமல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

இப்போது விலை. உங்கள் தொட்டிக்கு ஆகும் கண்ணாடி: அடிப்பலகை 12 சதுர அடி, முன்னும் பின்னும் 24, பக்கங்கள் இரண்டும் 8. ஆக 44 சதுர அடி. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடை ஒன்றில் 12 எம்.எம். சதுர அடி என்ன விலை, விளிம்பு தேய்க்க என்ன கூலி என்று கேட்டு 44-ஆல் பெருக்குங்கள். மேலே சிலிகானும் ஒட்டுக் கூலியும். அந்தத் தொகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சென்னை கொளத்தூரில் மலிவு என்பார்கள். மீனுக்கும் சாமானுக்கும் அது பெரிய சந்தை, உண்மை. ஆனால் ஆறடிக் கண்ணாடியை 140 கிலோமீட்டர் ஏற்றி வரும் வண்டி வாடகையையும் வழியில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் தொட்டி உள்ளூரில், மற்ற சாமான் எங்கே வேண்டுமானாலும்.

“டஃபண்டு கண்ணாடி போட்டால் 8 எம்.எம். போதும்” என்று ஒருவர் சொல்வார். டஃபண்டு என்பது சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி. உடையாமல் தாங்கும் வலிமை கூடுமே தவிர, தண்ணீர் தள்ளும்போது வயிறு தள்ளி வளைவதில் டஃபண்டும் சாதாரணக் கண்ணாடியும் ஒன்றுதான். வளைவு கூடினால் ஒட்டுதான் பிரியும். தவிர, டஃபண்டில் பிறகு துளை போட முடியாது. 12 எம்.எம்.-மில் நில்லுங்கள்.

சிலிகான் எது என்று டியூபைக் கையில் வாங்கிப் பாருங்கள். பாத்ரூமுக்குப் பூசும் பூஞ்சைத் தடுப்புச் சிலிகானில் சேர்த்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டி ஒரு வாரம் காய வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற வரை காயவில்லை என்று பொருள். பிறகு ஒட்டிய இடத்திலேயே முழுக்க நிரப்பி மூன்று நாள் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் மீதிப் பணம்.

பில் வாங்குங்கள். அளவு, கண்ணாடித் தடிமன், ஒட்டுக்கு எத்தனை மாத உத்தரவாதம் மூன்றும் அதில் இருக்கட்டும். சில வருடம் முன்பு நான் பில்லில்லாமல் வாங்கிய நான்கடித் தொட்டி, ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூலை ஒட்டு பிரிந்து, கீழ் வீட்டு மாமியின் பூஜை அறை வரை தண்ணீர் கொண்டுபோனது. விற்றவர் “இது நம்ம ஒட்டு இல்லையே” என்றார். காட்ட என்னிடம் காகிதம் இல்லை.

கேள்வி: சத்துவாச்சாரியில் எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400 காட்டுகிறது. டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசைப்பட்டோம். தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. மெஷின் போட்டுவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மீனுக்கு ஏற்றபடி தண்ணீரை மாற்றுவது ஒரு வழி, தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது இன்னொரு வழி. முதல் வழியில் கடைக்காரருக்கு மெஷின் விற்கும், அதனால் அதைத்தான் சொல்வார்.

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன மாதிரி 600 லிட்டர் தொட்டி என்றால் வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், 150 லிட்டர். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவுக் குழாயில் விடும். வாரத்துக்கு 300 முதல் 450 லிட்டர் சாக்கடைக்கு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று நம் ஊரை நாமே கேலி செய்துகொள்கிறோம். அந்த ஊரில் நாலு டிஸ்கஸுக்காக இதைச் செய்ய எனக்கு மனசு வராது. உங்களுக்கு வந்தால், அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்து வாசல் கழுவவாவது வையுங்கள்.

டிஸ்கஸ் அமேசான் பக்கத்து மீன். மென்மையான, உப்பில்லாத தண்ணீர் கேட்கும். நியான், கார்டினல் டெட்ராக்களும் அப்படியே. கடின நீரை விரும்புகிற கூட்டமும் இருக்கிறது. மோலி, பிளாட்டி, வாள்வால், கப்பி எல்லாம் நம் தண்ணீரில் குட்டி போட்டுத் தள்ளும். பெரிய தொட்டியின் கம்பீரம் வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வகைகளைப் பாருங்கள். மஞ்சள், நீலம் என்று கடல் மீன் போலப் பளிச்சென்று இருக்கும்; காரத்தன்மை உள்ள கடின நீர்தான் அவற்றுக்குப் பிடித்தம். ஆறடித் தொட்டியில் இருபத்தைந்து மலாவி, நிறைய பாறை அடுக்கு. அதற்கு மேல் என்ன அழகு வேண்டும்? சண்டைக்காரக் கூட்டம், செடியை விட்டுவைக்காது, அது மட்டும் குறை.

உங்கள் 1,400-ஐ அப்படியே ஊற்றச் சொல்லவில்லை. மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் கணிசமாக இறங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான டப்பில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் கடையில் ‘ஹைப்போ’ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்.

ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்ன பகுதி நம்முடையது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்கள் போர் தண்ணீரை ஒரு முறை குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு மீன் வாங்குங்கள். மீனுக்கென்று போய், நீங்கள் குடிக்கலாமா என்பதும் தெரிந்துவிடும்.

கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி இறங்கும்போது போர் தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அந்தக் குறைவை மட்டும் ஆர்.ஓ. தண்ணீராலோ மழைநீராலோ ஈடுகட்டுங்கள். சமையலறையில் இருக்கிற மெஷினே போதும்.

கேள்வி: ஹீட்டர் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா? (ஆற்காடு)

பதில்: வேலூர் வெயிலில் ஹீட்டரா! அந்தக் காசுக்குத் தண்ணீர் மேல் காற்று வீசும் சின்ன ஃபேன் வாங்குங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதனால் மேற்கு வெயில் அடிக்கும் சுவரையும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையையும் தவிருங்கள்.

கேள்வி: தொட்டியோடு ‘ஃபுல் செட்’ என்று மோட்டார், ஃபில்டர், லைட் எல்லாம் தருகிறார்கள். மோட்டார் பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. 600 லிட்டர் தொட்டிக்கு இது சரிதானே? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? (ஆரணி)

பதில்: மணிக்கு ஐந்து முறை தண்ணீர் சுழல வேண்டும் என்ற கணக்கில் 3,000 சரிதான், பெட்டியின் மேல். அந்த எண் மோட்டார் தண்ணீரை மேலே தூக்காதபோது கிடைப்பது. பெட்டியில் பக்கத்திலேயே ‘எச் மேக்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. ஸ்டாண்டுக்குள் சம்ப் (ஃபில்டர் இருக்கும் கீழ்த் தொட்டி) வைத்து நாலரை அடி தூக்குவதானால், எச் மேக்ஸ் 3 மீட்டர் உள்ள மோட்டாரில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோதான் வந்து சேரும். 5,000 லிட்டர் மோட்டாராகப் பாருங்கள்.

கரண்டுக்கு வாட்ஸைப் பாருங்கள். ஃபில்டர் மோட்டாரை இரவும் பகலும் நிறுத்தக் கூடாது. 40 வாட்ஸ் என்றால் நாளுக்கு 0.96 யூனிட், இரண்டு மாதத்துக்கு 58. லைட் 40 வாட்ஸ், எட்டு மணி நேரம் எரிந்தால் 19. மொத்தம் 77 யூனிட். அந்த 77 உங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். விலை குறைந்த மோட்டார் 80 வாட்ஸ் இழுக்கும் என்றால் அது மலிவில்லை. கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று செட்டில் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தொட்டி, மீன் எல்லாம் ஒரே நாளில் வந்து வைத்துக் கொடுத்தார்கள். முப்பது மீனில் இருபத்திரண்டு ஐந்தே நாளில் செத்துவிட்டன. ‘உயிருள்ள பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (குடியாத்தம்)

பதில்: போகலாம். ஆனால் மீன் எதனால் செத்தது என்பதை முதலில் பாருங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அது இல்லாமல் முப்பது மீனை ஒரே நாளில் விட்டால் அம்மோனியா ஏறிக் கொல்லும். நம் ஊரில் இது இன்னும் கொடூரம். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 7-லிருந்து 8-க்குப் போனால் நச்சு வடிவ அம்மோனியா கிட்டத்தட்ட பத்து மடங்காகும். வெயில் அதைக் கூட்டும்.

மீன் நோயோடு வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் ‘இன்றே விடலாம்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அது உங்களுக்குப் பலம், அழிக்காதீர்கள். மோட்டார், லைட் மாதிரிச் சாமான் பழுது என்றால் வழக்கு இன்னும் சுலபம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். பேசித் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

மிச்சமுள்ள எட்டையும் காப்பாற்றுங்கள். இரை போடுவதைப் பாதியாக்கி, ஒரு வாரத்துக்குத் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

கேள்வி: பாசி தின்னும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன் ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது. கோட்டை அகழியில் விட்டுவிடலாமா? (வேலூர்)

பதில்: கூடாது. அது தென் அமெரிக்க மீன். நம் ஏரி குளங்களில் யாரோ விட்டுப் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தையும் இரையையும் பிடுங்குகிறது. வலையில் சிக்கினால் முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிப்பதால் மீனவர்கள் திட்டுகிறார்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டிக்காரர்களுக்குத் தேவைப்படும் என்பதால் பெரும்பாலும் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். காந்தி நகர்க்காரர் தொட்டி வைத்துவிட்டால் அவரிடமும் கேட்டுப் பார்க்கலாம், மலாவிக் கூட்டத்தின் அடியைத் தாங்கும் அளவுக்கு அதன் ஓடு கெட்டி.