எரிகோ மதிலும் கத்லீன் கென்யனும்

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகள், தொல்லியலாளர் கத்லீன் கென்யனைப் பற்றி வாசித்துவிட்டு அவரைப் போல வரவேண்டும் என்கிறாள். ஜெபக்கூட்டத்தில் ஒருவரோ, 'அந்த அம்மா வேதாகமத்தைப் பொய்யாக்க வந்தவர்' என்றார். அது உண்மையா, ஐயா?
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: உண்மை அல்ல, அம்மா. கென்யனின் தகப்பனார் சேர் பிரெடெரிக் கென்யன், வேதாகமத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர்; பிரித்தானிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். அந்த வீட்டில் 1906 இல் பிறந்த பிள்ளை, வேதாகமத்தோடு வழக்காடவா பாலஸ்தீனத்தின் பழைய நகரான எரிகோவுக்குப் போயிருப்பார்?

யோசுவாவின் நாளில் எரிகோவின் மதில் இடிந்து விழுந்தது என்கிறது வேதாகமம். 1930களில் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த மதில் யோசுவா காலத்தது என்று அறிவித்திருந்தார். 1952 முதல் 1958 வரை கென்யன் அதே மேட்டில் அகழ்ந்தார். பிரித்தானியத் தொல்லியலாளர் மோர்ட்டிமர் வீலரிடம் பழகிய முறை அவருடையது: சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, இடையில் வயல் வரம்பு போல மண்ணை வெட்டாமல் விடுவது. அந்த வரம்பின் பக்கத்தில் மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எந்த மட்பாண்ட ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அவருக்குச் சாட்சி. அதன்படி அந்த மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. அவர் கண்டதைச் சொன்னார். அதை ஏற்காத அறிஞர்கள் இன்றும் உண்டு. ஆனால் அவர்களும் கென்யன் பதிந்துவைத்த அடுக்குகளையும் ஓடுகளையும் எடுத்துத்தான் வாதாடுகிறார்கள். ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய மதிப்பு எனக்குத் தெரியவில்லை.

மதிலைப் பற்றிக் கேட்டு வந்த உலகத்துக்கு அவர் அதைவிடப் பழைய அதிசயங்களைக் காட்டினார். சாந்து பூசி முகம் வனைந்து, கண்ணுக்குச் சிப்பி பதித்த மண்டையோடுகள் 1953 இல் வெளிவந்தன. எட்டு மீற்றருக்கு மேல் உயர்ந்த கற்கோபுரம் ஒன்றும் கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு. பொதுமக்களுக்காக 1957 இல் எரிகோ பற்றி நூல் எழுதினார். பின்னர் ஜெருசலேமிலும் அகழ்ந்தார். 1962 இல் ஒக்ஸ்போர்ட்டின் சென் ஹியூஸ் கல்லூரிக்கு முதல்வரானார்; 1973 இல் பிரித்தானிய அரசின் 'டேம்' பட்டம் வந்தது.

எனக்கு இதில் ஒரு மனவேதனையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பழங்காலக் குடியிருப்பு இருந்த கந்தரோடையில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது, கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகளை மண்ணோடு அள்ளி ஒழுங்கையில் கொட்டியதைப் பார்த்து நின்றிருக்கிறேன். இரண்டு ஓடுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். அவை எந்த அடுக்கில் கிடந்தவை என்று இனி எவராலும் சொல்ல முடியாது. 1980 இல் ஆனைக்கோட்டையில் பேராசிரியர் இந்திரபாலா தலைமையில் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கிடைத்த முத்திரை இன்றுவரை பேசப்படுகிறது. அது இன்ன ஈமக்குழியில் கிடைத்தது என்று தெரிவதால்தான் அதற்கு அவ்வளவு பெறுமதி.

ஆகவே மகளைத் தடுக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தொல்லியல் கற்கலாம். அதற்கு முன், வரும் விடுமுறையில் நாவலர் வீதி நூதனசாலைக்கு அவளைக் கூட்டிச் செல்லுங்கள். கந்தரோடையில் எடுத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன.