மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவருடனும், தேசிய சேவையில் இருக்கும் மகனுடனும் வசிக்கிறேன். எனக்கு வயது 54. ஒரு சரக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன் என்பது தெரிந்தாலும், சில வாரங்களாக வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே மனக்கசப்பில் போய் முடிவதால் வெளியாள் ஒருவரிடம் கேட்பது நல்லது என்று தோன்றியது.

என்னிடம் மூன்று கிட்டார்கள் இருக்கின்றன. முதலாவது யமஹா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெனின்சுலா கடைத்தொகுதியில் வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது நைலான் தந்தி கிட்டார். எங்கள் சபையின் பாடகர் குழுவை அந்நாளில் நடத்திய அண்ணன், பெர்த்தில் குடியேறப் புறப்பட்டபோது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூன்றாவது பன்னிரண்டு தந்தி. கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்காக வாங்கினேன். மின்தூக்கி நிற்காத மாடிகளுக்குக்கூட அதைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

இப்போது இந்த மூன்றையும் கடையில் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் சேர்த்து மார்ட்டின் டி-28 கிட்டார் ஒன்றை வாங்க விரும்புகிறேன். 1833-இல் தொடங்கிய நிறுவனம் அது. மேற்பலகை ஸ்புரூஸ், முதுகும் பக்கங்களும் இந்திய ஈட்டி மரம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதால் 1969-இலிருந்து நம் ஊர் ஈட்டிக்கு மாறினார்கள் என்று படித்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஒரு மரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று பெருமையாக இருந்தது. ஒலியை மின்வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் எதுவும் பொருத்தாமல், மரத்தின் ஒலியை மட்டும் நம்பி நிற்கும் கிட்டார். கடையில் வாசித்துப் பார்த்தேன். கீழ்த் தந்தியின் அதிர்வை விலா எலும்பில் உணர முடிந்தது. விலை 4,900 வெள்ளி.

என் கணவர், "இருப்பதையே தொடுவதில்லை, இன்னொன்று எதற்கு?" என்கிறார். கேட்கும் வாய் அதையா கேட்க வேண்டும்? போன ஆண்டு இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து மடக்குச் சைக்கிள் வாங்கியபோது அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. தினமும் விடியற்காலையில் எடுத்துக்கொண்டு போகிறார், போகட்டும். எனக்கும் ஆண்டிறுதியில் 13-ஆம் மாதச் சம்பளம் வருகிறது; அவருடைய பணத்தை நான் கேட்கவில்லை.

கடையிலோ மூன்று கிட்டார்களுக்கும் சேர்த்து 700 வெள்ளிதான் தருவார்களாம். நைலானுக்கு 80. பன்னிரண்டு தந்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, தந்தியும் துருப்பிடித்திருக்கிறது என்று குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலச் சொன்னார்கள். (ஈஸ்டருக்குப் பிறகு அந்தப் பெட்டிகளை நான் திறக்கவே இல்லை, கடையில் திறந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. ஆராதனையில் இப்போது இளையவர்கள் கீபோர்டும் டிரம்ஸும் வைத்து வாசிக்கிறார்கள். ஒலிப்பலகையில் இருக்கும் தம்பி, "ஆன்ட்டி, உங்கள் கிட்டார் மிக்ஸில் கேட்கவே இல்லை" என்று சொன்ன வாரத்திலிருந்து நான் கொண்டுபோவதில்லை. பிள்ளைகள் நன்றாகத்தான் செய்கிறார்கள். வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடும் பாட்டிமார்களுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறேன்.) அன்போடு வைத்திருந்த பொருளை இப்படியா மதிப்பிடுவது? என் மகன், பழைய பொருள்களை இணையத்தில் விற்கும் கேரோசெல்லில் தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறான். முகம் தெரியாத யாரோ வந்து வீவக கீழ்த்தளத்தில் நின்று பேரம் பேசுவதை நினைத்தாலே எனக்குப் பிடிக்கவில்லை.

சைக்கிளுக்கு ஒரு நியாயம், கிட்டாருக்கு ஒரு நியாயமா என்பதுதான் என் கேள்வி. மாத இறுதிக்குள் பதில் சொல்வதாகக் கடையில் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் கொடுத்துவிடலாமா?

இப்படிக்கு,
ஈசூன் வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் சைக்கிளைப் பற்றிக் கடிதத்தின் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரின் மதிப்பீட்டுக்கும் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் நெடுநேரம் நின்று படித்ததோ அடைப்புக்குறிக்குள் நீங்கள் வைத்த சில வரிகளைத்தான். இளமை முதல் சபையில் வாசித்துவந்த ஒருவர் ஈஸ்டரோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்ற செய்தி, துருப்பிடித்த தந்திக்கு விளக்கம் சொல்லும் சாக்கில் அங்கே வந்து போகிறது.

அந்தத் தம்பி என்ன சொன்னார் என்பதை மறுபடியும் பாருங்கள். உங்கள் கிட்டார் ஒலிபெருக்கியில் கேட்கவில்லை என்றார். ஒலிப்பலகையில் அமர்பவர் சொல்ல வேண்டியதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். பிக்கப் இல்லாத கிட்டாரின் முன் ஒலிவாங்கியை வைத்தால், பக்கத்திலிருக்கும் டிரம்ஸின் ஓசையும் அதற்குள் வந்து விழும். கிட்டாரின் ஒலியைக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிடத் தொடங்கும். போதாததற்குக் கீபோர்டின் இடைநிலைச் சுரங்கள் கிட்டார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொள்ளும். எவ்வளவு கைதேர்ந்தவர் வாசித்தாலும், எவ்வளவு விலையுயர்ந்த கிட்டாராக இருந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. அவர் சொன்னது கருவிக்கும் மேடைக்கும் இடையிலான ஒரு கோளாறை. உங்கள் காதில் விழுந்தது, இனி நீங்கள் தேவையில்லை என்ற தீர்ப்பு. மறுவாரம் நீங்கள் கிட்டாரைக் கொண்டுபோகவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று யாரும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அந்தத் தம்பியின் வாக்கியத்தைவிட, அதற்குப் பிறகு யாரும் கேட்காததுதான் உங்களை அதிகமாக வருத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்களும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆன்ட்டி ஓய்வெடுத்துக்கொள்ள விரும்புகிறார் என்றுகூட அந்தப் பிள்ளைகள் மரியாதையாக விலகி நின்றிருக்கலாம்.

இனிப் புதிய கிட்டாருக்கு வருவோம். ஈட்டி மரத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளில் உண்மையான காதல் இருக்கிறது; அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிக்கப் எதுவும் இல்லாதது அதன் பெருமை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேடையில் கேட்கவில்லை என்று ஒதுங்கியவர், அதே மேடையில் அதே காரணத்தால் கேட்காமல் போகக்கூடிய ஒரு கிட்டாரைத் தேடிப் பிடித்திருக்கிறார். திரும்பிப் போவதற்காக நீங்கள் அதை வாங்கவில்லை, சகோதரி. போகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பிறகு, நான் நன்றாக வாசிப்பவள் என்பதற்கு ஒரு சான்று கையில் இருக்கட்டும் என்று வாங்குகிறீர்கள். 4,900 வெள்ளி அந்தச் சான்றுக்கான கட்டணம். பணத்தைக் கட்டலாம், அந்தத் தம்பியோ, பாடகர் குழுவோ, அதைப் பார்க்கப் போவதில்லை.

பழைய கிட்டார்களின் கணக்கும் எனக்கு உறுத்துகிறது. மூன்றும் சேர்ந்து தருவது 700 வெள்ளி, அதாவது புதிய கிட்டாரின் விலையில் ஏழில் ஒரு பங்கு. பெர்த்துக்குப் போன அண்ணன் கொடுத்த நைலான் கிட்டார் தருவது 80 வெள்ளி. அதை விற்பதால் மார்ட்டின் ஓரங்குலம்கூட உங்கள் அருகில் வந்துவிடாது. ஆண்டிறுதிச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருவர், பணத்துக்காக அதைக் கொடுக்கிறார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பெட்டிகள் வீட்டில் இருக்கும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவை உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். கேள்வியை அப்புறப்படுத்தத்தான் அவற்றைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். பொருளை விற்பதில் பாவம் ஒன்றும் இல்லை. வாசிக்காமல் கிடக்கும் கிட்டார் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போவது நல்ல காரியம்தான். ஆனால் அதைச் சோர்வில் செய்யாதீர்கள்.

கடைக்காரர்மீது உங்களுக்கு இருக்கும் கோபத்தில் எனக்குப் பங்கில்லை. தூக்கியிருக்கும் பிரிட்ஜை அவர் மறுபடி ஒட்ட வேண்டும், தந்திகளை மாற்ற வேண்டும், வாங்க ஆள் வரும்வரை இடம் கொடுக்க வேண்டும். அதனால்தான் கடைகள் தாங்கள் விற்கப்போகும் விலைக்கு வெகுவாகக் குறைத்துக் கேட்கின்றன. நம் ஊரின் ஈரக்காற்றில், கூடுதல் இழுவிசையைத் தாங்கும் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் பசை விடுவது அடிக்கடி நடப்பது. பழுதுபார்ப்பவர்களுக்கு அது வழக்கமான வேலை. கிட்டாருக்குச் சொன்ன விலையை உங்களுக்குச் சொன்ன விலையாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஒலிப்பலகைத் தம்பியின் விஷயத்தில் நடந்ததும் இதேதான்.

உங்கள் கணவரின் பக்கமும் சற்றுச் சாய வேண்டியிருக்கிறது. சைக்கிளைக் கேட்காமல் வாங்கியது தவறு. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள், இன்று கிட்டாரோடு சேர்த்துச் சொல்வதில் பயனில்லை. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், "இருப்பதையே தொடுவதில்லை" என்று உங்கள் வீட்டில் கவனித்தவர் அவர் ஒருவர்தான். நீங்கள் அதைக் கஞ்சத்தனமாகக் கேட்டீர்கள். நான் படித்தபோது, மனைவியின் வாசிப்புச் சத்தம் வீட்டில் நின்றுபோனதைக் கவனித்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்ட ஒரு மனிதரின் கேள்வியாகத்தான் தோன்றியது. நான் அவரை மிகையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. காரணம் தெரியாதவருக்கு, மூடிய மூன்று பெட்டிகளின் இடத்தில் இன்னொரு பெட்டி வரப்போவது மட்டுமே தெரியும். முதலில் அவரிடம் அதைச் சொல்லுங்கள், விலையைப் பற்றிப் பேசாமல்.

பிறகு அந்தத் தம்பியிடம் பேசுங்கள். யமஹாவில் ஒரு பிக்கப் பொருத்தினால் உதவுமா என்று கேட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு மார்ட்டினின் விலையில் மிகச் சிறிய பகுதிதான். அவர் மகிழ்ந்து சரி என்று சொல்லக்கூடும். இப்போதைய குழுவுக்கு கிட்டார் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அது உண்மையான இழப்பு. பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள் என்ற பெருந்தன்மையால் அதை மூடி வைக்காமல், வலிக்கிறது என்று ஒருவரிடமாவது சொல்லி அழுதுவிடுங்கள். இவ்வளவு ஆண்டுகள் ஆற்றிய ஒரு பணி முடிவுக்கு வரும்போது வருந்துவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஒலிவாங்கியே இல்லாத கூடத்தில், கீர்த்தனைக்குச் சுருதி பிடித்துத் தர ஒருவர் வேண்டும் என்று காத்திருக்கும் பாட்டிமார்களை மட்டும் இந்தக் கோபத்தில் சேர்க்காதீர்கள். அவர்கள் உங்களை ஒருபோதும் மிக்ஸில் தேடியதில்லை. உங்கள் கையில் இருக்கும் நைலான் கிட்டாரே அந்தக் கூடத்துக்குப் போதுமானது.

மாத இறுதிக் கெடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டி-28 பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து தயாராகும் ரகம். இந்த மாதம் விட்டால் கிடைக்காது என்பதில்லை. கடையில் ஆண்டிறுதிவரை அவகாசம் கேளுங்கள். அதற்குள் பன்னிரண்டு தந்தியின் பிரிட்ஜை ஒட்டி, மூன்றிலும் புதிய தந்தி போட்டு வாசித்துப் பாருங்கள். வாசித்துவந்த பிறகும் அந்த ஈட்டி மரத்தின் ஒலி வேண்டும் என்று இருந்தால், உங்கள் பணத்தில் மார்ட்டினை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் விற்பதா வைப்பதா என்பதை அப்போது யோசிக்கலாம், 80 வெள்ளிக்கு நைலானைக் கொடுக்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.