ஜே. ஜே. ஜான்சனின் டிராம்போனில் அப்படி என்ன இருக்கிறது?

ஜாஸ் டிராம்போன் என்றாலே ஜே. ஜே. ஜான்சன் பெயர் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் அந்தப் பித்தளை ஊதுகருவியைப் பார்க்க வேண்டும்.

டிரம்பெட்டில் பொத்தானை அழுத்தினால் சுரம் மாறும். டிராம்போனில் நீளமான குழாயை இழுத்துத் தள்ள வேண்டும். மொத்தம் ஏழு இடங்கள், ஆனால் எங்கும் அடையாளக் கோடு இல்லை. காதும் கையும்தான் கணக்கு. மெதுவான பாட்டுக்குச் சரி. 1940களில் பீபாப் என்ற அதிவேக ஜாஸ் பாணி வந்து, சாக்ஸபோனில் சார்லி பார்க்கரும் டிரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பறக்க ஆரம்பித்தபோதுதான் சிக்கல்.

1924இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பிறந்த ஜான்சன் அந்த வேகத்தை டிராம்போனுக்குக் கொண்டுவந்தார். ஒரே சுரத்தைச் சில சமயம் வேறு வேறு இடங்களிலும் பிடிக்கலாம். எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குப் போனால் கை அலைச்சல் குறையும். கூடவே நாக்கால் ஒவ்வொரு சுரத்தையும் துல்லியமாக வெட்டுவார். பொத்தான் வைத்த டிராம்போன் என்றே பலர் நினைத்தார்களாம்! ஆனால் எனக்குப் பிடித்தது வேகமில்லை, அடக்கம். பழைய பாணியின் வழுக்கலும் உறுமலும் அவரிடம் குறைவு. நடுக்கமில்லாத, உருண்டையான ஒலி.

இடையில் 1952 முதல் இரண்டு வருடம் தொழிற்சாலையில் வரைபடம் சரிபார்க்கும் வேலைக்குப் போனார். அப்புறம் 1954இல் கை விண்டிங் (Kai Winding) என்ற இன்னொரு டிராம்போன் கலைஞரோடு இரட்டை டிராம்போன் குழு. கேட்கத் தொடங்க, அவர் இயற்றிய 'லமென்ட்' போதும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் 1957இல் அதைப் பதிவு செய்தார்.