சோறும் பருப்பும் மட்டுமே உண்ணும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. சோறு, பருப்பு, பிஸ்கட் தவிர வேறெதையும் அவன் வாயில் வைப்பதில்லை. கீரையைக் கண்டாலே கோப்பையைத் தள்ளிவிடுகிறான். அம்மம்மா கைத்தொலைபேசியில் படம் காட்டி ஊட்டினால்தான் நாலு வாய் இறங்குகிறது. பசியோடு படுத்துவிடுவானோ என்று பயந்து இரவில் போத்தலில் பால் கொடுக்கிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் பழக்கமில்லாத உணவைக் கண்டு பிள்ளைகள் ஒதுங்குவது இயல்பு. உங்கள் வளர்ப்பில் பிழையென்று வருந்த வேண்டாம்.

முதலில் பாலைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டு வேளையில் பசியிராது என்பதோடு, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவாகையால் இரத்தச்சோகை ஏற்படவும் இடமுண்டு. படுக்கைப் போத்தல் பற்களையும் கெடுக்கும். எனவே சாப்பாட்டுக்குப் பிறகு, குவளையில் அளவாகக் கொடுங்கள். தேநீர் வேண்டவே வேண்டாம். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகள்கூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். நாமோ மூன்றாம் தடவையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவன் விரும்பும் சோறு பருப்புக்குப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி பொன்னாங்காணி வறையோ, முட்டையோ, முள் நீக்கிய மீன் துண்டோ வையுங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நீங்களும் அதையே உண்ணுங்கள். கீரையைச் சோற்றுக்குள் மறைத்துப் பிசைந்து ஊட்டுவதை நான் ஆதரிப்பதில்லை, ஏனெனில் கண்டுபிடித்துவிட்டால் இதுவரை நம்பி உண்ட பருப்பையும் அவன் சந்தேகிக்கத் தொடங்குவான். மாறாக, பத்திரிகைத் தாளை விரித்து முருங்கைக் கீரையை உருவவும், போஞ்சியைக் கையால் முறிக்கவும் விடுங்கள். பச்சை வாசனை விரலில் ஒட்டிய பிள்ளை, அதை நாக்கில் வைத்துப் பார்க்கவும் துணிவான்.

அம்மம்மாவின் அன்பில் குறையேயில்லை. ஆனால் திரையைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததே தெரியாது என்பதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். என்ன உணவு, எத்தனை மணிக்கு என்பதை வீட்டுப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். எவ்வளவு உண்பது என்பது அவன் பொறுப்பு. அரை மணி நேரத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள், ஏச்சும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், இடையில் பிஸ்கட்டும் வேண்டாம். கீரை உண்டால் ஐஸ்கிறீம் தருவதாகச் சொன்னால், கீரை அவனுக்குத் தண்டனையாகவே தோன்றும்.

கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு சீராக மேலேறுகிறதா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். கோடு மட்டமாகவோ கீழ்நோக்கியோ சென்றால், அல்லது விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், தாமதிக்காமல் குழந்தை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.