நான்கு வயதில் விளையாடிக்கொண்டே இருந்தால் படிப்பு எப்படி வரும்?

"பாலர் பள்ளியில் எழுதச் சொல்லித் தராமல் ஓட விடுகிறார்கள், மகனை வேறு இடத்தில் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் பாலர் பள்ளி ஆசிரியை. பென்சில் பிடிக்க விரல் மட்டும் போதாது; தோளும் முதுகும் உறுதிப்பட வேண்டும். மணிக்கட்டின் 8 எலும்புகளில் சில அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தொங்குவது, ஏறுவது, மாவு பிசைவது எல்லாம் எழுதுவதற்கான தயாரிப்புதான்.

கணக்கும் அப்படித்தான். என் வகுப்பில் ஒரு சிறுமி பத்து வரை கடகடவென்று ஒப்பிப்பாள். ஐந்து புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் ஏழு என்பாள். வாய் முன்னே ஓடும், விரல் பின்தங்கும். சரி என்று தரையில் நொண்டிக் கட்டம் போட்டு, ஒரு தாவலுக்கு ஓர் எண் சொல்ல வைத்தேன். மூன்றாவது வாரம், பாதி வழியில் ஒற்றைக்காலில் தள்ளாடி நின்றபடி, "டீச்சர், இன்னும் ரெண்டு கட்டம்தான் இருக்கு" என்றாள். அது கழித்தல்! யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். உட்கார்ந்து திரை பார்ப்பது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

அடுக்குமாடி வீட்டில் இது சிரமம்தான். மழை நாளில் தலையணைகளை வரிசையாகப் போட்டுத் தாண்ட விடுங்கள். ஞாயிறன்று தித்திவங்சா ஏரிப் பூங்கா. அப்புறம், பத்துமலைக்குப் போனால் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். 272 படிகளில் முடிந்தவரை அவனே எண்ணிக்கொண்டு ஏறட்டும்.