கதையில் வரும் தகவல் யாருடையது?

கேள்வி: ஐந்து பாகமாக வந்த ஒரு மாயாஜால நாவல் தொடருக்கு அகராதி தொகுத்திருக்கிறேன். பாத்திரங்கள், ஊர்கள், ஆயுதங்கள் எல்லாம் அகரவரிசையில். கதையை நான் திரும்பச் சொல்லவில்லை, தகவல் மட்டும்தான். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறார்களே, புத்தகமாகப் போடலாமா?

பதில்: நிஜ மலையின் உயரத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கதையில் வரும் மலையின் உயரம் அப்படியல்ல, அது நாவலாசிரியர் யோசித்து வைத்தது. 'சைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடரை வைத்து 643 கேள்விகளோடு வந்த வினாடி வினாப் புத்தகம் 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றபோது, இந்த வாதமும் சேர்ந்தேதான் தோற்றது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஹாரி பாட்டர் அகராதி வழக்கு. நாவலாசிரியர் ரவுலிங்கும் படங்களை எடுத்த வார்னர் பிரதர்ஸும் தொடுத்த வழக்கில், 2008-இல் நியூயார்க் நீதிமன்றம் புத்தகத்துக்குத் தடை போட்டது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் துணைநூல் எழுதும் உரிமை முழுவதும் மூல ஆசிரியருக்கே என்று நீதிபதி சொல்லவில்லை. மூல வாக்கியங்களைத் தேவைக்கு மேல் அள்ளிக்கொண்டதுதான் வினையாகிவிட்டது. அதிலும், ரவுலிங்கே தகவல் நூல் பாணியில் எழுதிய இரண்டு சிறு புத்தகங்களிலிருந்து எடுத்தது ரொம்ப அதிகம். சட்டப்படி குறைந்தபட்ச இழப்பீடு, 6,750 டாலர். திருத்திய அகராதி 2009-இல் வெளிவந்தது.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் வாள் பற்றிய பதிவைப் படித்தேன். பதினோரு வரி. ஒன்பது வரி நாவலின் வர்ணனையேதான், மேற்கோள்குறிகூட இல்லை! கடைசி இரண்டு வரியில், முதல் பாகத்தில் உடைந்த வாள் மூன்றாம் பாகத்தில் முழுதாக வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிதான் உங்கள் புத்தகம். வர்ணனையை உங்கள் சொல்லில் ஒரே வரியாக்கி, பாகமும் அத்தியாயமும் குறித்துவிட்டு, மிச்ச இடத்தை இப்படிப்பட்ட ஒப்பீட்டுக்குக் கொடுங்கள். எல்லாப் பதிவுகளையும் இப்படித் திருத்தினால் புத்தகம் பாதியாக இளைத்துவிடும், பரவாயில்லை.

நாவலில் வரும் பாடல்கள், வரைபடம், அட்டை ஓவியம் மூன்றையும் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். 'அதிகாரபூர்வமற்றது' என்று அட்டையில் போடுவது நல்லதுதான். ஆனால் உள்ளே அள்ளியிருந்தால் அந்தச் சொல் காப்பாற்றாது. மேலே சொன்னவை அமெரிக்கத் தீர்ப்புகள். அனுமதி கேட்காமலே ஓரளவு எடுத்தாளச் சட்டம் விடுகிற 'நியாயமான பயன்பாட்டின்' எல்லை நாட்டுக்கு நாடு மாறும். அதனால் அச்சுக்குப் போகும் முன் காப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முழுப் பிரதியையும் காட்டிவிடுங்கள்.

அப்புறம், அந்த வாள் எப்படி ஒட்டியது என்று எனக்கும் புரியவில்லை.