தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள், மகள் ஆராய்ச்சிக்குப் போகட்டும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருக்கும் ஓர் அப்பா கேட்டிருக்கிறார். மகள் கோவையில் எம்.எஸ்சி. உளவியலை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டாள். அடுத்து, வேலையிடத்தில் மனிதர்களின் மனதைப் படிக்கும் நிறுவன உளவியலில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள். பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் தாய்மாமாவோ, "எம்பிஏ எச்ஆர் (மனிதவளம்) சேர்த்துவிடுங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். இரண்டு வருடக் கட்டணம் மட்டும் 14 லட்சம். ஒன்றரை ஏக்கர் தோட்டத்தின் பட்டாவை வங்கியில் வைப்பதா, கல்விக் கடன் வாங்குவதா என்பது அவருடைய கேள்வி.

உங்கள் கவலை புரிகிறது அண்ணே. ஆனால் இரண்டுமே வேண்டாம்.

14 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 18,500 ரூபாய் வரும். பச்சைத் தேயிலை விலை அடுத்த மாதம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியாது. அந்த வருமானத்தை நம்பி இந்தத் தவணைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. நடுத்தரக் கல்லூரியில் எச்ஆர் எம்பிஏ முடித்தவர்களில் பலருக்கு முதல் சில வருடம் கிடைப்பது ரெஸ்யூமே சலித்து, போன் போட்டு ஆள் எடுக்கிற வேலைதான். அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாமா நல்ல எண்ணத்தில் சொல்கிறார், சரி. தவணை கட்டப்போவது அவர் இல்லை.

மகள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அவள் எடுத்தது, சீசனில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களின் சோர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்ததைத்தான் கேள்வியாக்கியிருக்கிறாள். 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தை முன்வைத்தார். வேலைப் பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை; பளு அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல்லுரிமை குறைவாகவும் இருந்தால்தான் மன அழுத்தம் ஏறுகிறது என்றார். சீசனில் லாரி லாரியாக இலை வந்து இறங்கும்போது வாட்டும் தொட்டிப் பக்கம் நிற்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். இலை காத்திருக்காது, மெஷினை அவர் நிறுத்தவும் முடியாது. இந்தத் துறை அதைத்தான் படிக்கிறது. 1924இல் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா என்று தொடங்கிய ஆய்வு, ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வியில் போய் நின்றது. நம் மலையில் இந்தக் கேள்வியை எத்தனை இடத்தில் வைக்கலாம்! இண்ட்கோசர்வ் அமைப்பின் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, மூடிப்போன இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலையை விட்டு வந்த குடும்பங்கள், சீசனுக்குச் சீசன் ஆள் மாறுகிற ஊட்டி ஹோட்டல்கள்.

"சைக்காலஜி என்றால் பைத்தியம் பார்க்கிற படிப்பு" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை விடுங்கள். நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் உளவியலுக்குத்தான் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். இவள் போகும் வழி வேறு.

இப்போது பணக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தகுதித் தேர்வில் உளவியல் ஒரு பாடம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. இதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அதன் பிறகு ஆய்வு முன்னேற்றத்தைப் பார்த்து எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகையாக்கினால் 42,000. அதிகபட்சம் ஐந்து வருடம். முழுதும் கிடைத்தால் 24 லட்சம், வீட்டு வாடகைப் படி தனி. நீங்கள் 14 லட்சம் கொடுக்க நினைத்த பிள்ளைக்கு அரசு கொடுக்கிற தொகை இது. ஜேஆர்எஃப் வாங்க வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு உண்டு. 2024 ஜூனிலிருந்து, ஜேஆர்எஃப் தவறினாலும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற வழி இருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருடம் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம்.

பலர் கவனிக்காத இன்னொரு கதவு ஐஐஎம் என்ற மத்திய மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள். திருச்சி, பெங்களூரு ஐஐஎம்களின் முனைவர் படிப்புகளில் நிறுவன நடத்தை ஒரு தனிப் பிரிவு. மேலாண்மை படிக்காதவர்களும் விண்ணப்பிக்கலாம். எம்பிஏவுக்கு எழுதுகிற கேட் (CAT) போன்ற ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். சேர்ந்துவிட்டால் மாத உதவித்தொகை உண்டு. ஐஐடிகளின் மனிதவியல், சமூக அறிவியல் துறைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உதவித்தொகை இல்லாமல் முழுநேர பிஎச்.டி.யில் சேரக் கூடாது, அதற்காகக் கடன் வாங்கவும் கூடாது. முதல் முறை கிடைக்காவிட்டால் ஒரு வேலையில் இருந்துகொண்டே அடுத்த நெட் எழுதட்டும். "பணம் கட்டுங்கள், இரண்டே வருடத்தில் பட்டம்" என்று யாராவது வந்தால் போனை வைத்துவிடுங்கள். யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருடம் ஆகும், அஞ்சல் வழி பிஎச்.டி. செல்லாது. விதி மீறிப் பட்டம் கொடுத்ததற்காக ராஜஸ்தானின் மூன்று பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடம் பிஎச்.டி.க்கு ஆள் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யுஜிசி தடை போட்டது.

கல்லூரிப் பெயரைவிட முக்கியம், ஆய்வை வழிநடத்தும் கைடு. சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். நினைத்திருக்கும் பேராசிரியரின் பெயரைப் போட்டு, அவரிடம் முடித்தவர்கள் என்ன தலைப்பில் செய்தார்கள், எப்போது முடித்தார்கள் என்று மகள் பார்க்கட்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புது ஆளை எடுக்க முடியாது. அப்புறம், அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேச வேண்டும். திருத்தம் கேட்டால் எத்தனை நாளில் திரும்ப வருகிறது, வீட்டு வேலை, சொந்த வேலைக்கு அனுப்புவாரா என்று வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

ஆய்வு சுலபம் என்று நான் சொல்லவில்லை. மேனேஜர் அறையில் உட்காரவைத்துக் கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் "மிகவும் திருப்தி" என்றுதான் டிக் போடுவார்கள். அதே ஆள் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் வேறு கதை சொல்வார். அந்த இரண்டாவது பதிலை, அவர் பெயர் வெளியே போகாமல், வேலைக்குப் பாதகம் வராமல் வாங்கி வரும் திறமையைத்தான் அவள் வருடக்கணக்கில் கற்கப்போகிறாள். ஃபேக்டரி வீட்டில் வளர்ந்தவளுக்கு யாரிடம் எப்போது பேச வேண்டும் என்பது பாதி தெரிந்திருக்கும்.

முடித்த பிறகு உளவியல் துறைகளிலும் பிசினஸ் ஸ்கூல்களிலும் ஆசிரியர் பணி இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் ஊழியர் ஆய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. டெல்லியில் பாதுகாப்புத் துறையின் கீழ் உளவியல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெண்களுக்கு பிஎச்.டி. முடிக்க இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் விதியிலேயே இருக்கின்றன. அதனால் படிப்பைக் காட்டிக் கல்யாணத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது: பட்டாவை பீரோவிலேயே வையுங்கள். ஓபிசி பிரிவில் வருவீர்கள் என்றால் இடஒதுக்கீட்டுக்காக மத்திய அரசு படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழுக்கு இ-சேவையில் மனுப் போடுங்கள். கடைசி நேரத்தில் அலையக் கூடாது. மகளை அந்த நைட் ஷிஃப்ட் ப்ராஜெக்டை இரண்டு பக்க ஆய்வுத் திட்டமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பட்டும், எந்த நான்கு கைடுகளுக்கு மெயில் போடுவது என்று அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.